எளிமையும் நம்பகமும்: மேசைக் கணிப்பொறிக்கு இயங்குதளம் தெரிதல்

(திருவனந்தபுரம் தம்பானூரில் அலுவலக நிர்வாகிகளின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

தம்பானூர் திருவனந்தபுரத்தின் வாயில். 1931ஆம் ஆண்டில் இரயில் நிலையம் இங்கு அமைந்தது முதல் இன்று வரை, தலைநகருக்கு வருவோரும் அதிலிருந்து செல்வோரும் பெரும்பாலும் இந்த இடத்தைக் கடந்தே செல்கின்றனர். இரயில் நிலையத்துக்கு எதிரே மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பேருந்து நிலையம். சுற்றிலும் விடுதிகள், அச்சகங்கள், நகலெடுக்கும் கடைகள், அலுவலகங்கள், சிறிது தூரத்தில் பள்ளிகள். இவை ஒவ்வொன்றிலும் மேசைக் கணிப்பொறி உண்டு. புறத்தோற்றத்தில் இக்கணிப்பொறிகள் யாவும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று பழுதானால் விளையும் நட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். நகலெடுக்கும் கடையில் கணிப்பொறி நின்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் செல்வார். பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தில் நின்றால் வரிசை முழுவதும் நிற்கும், வண்டி காத்திருக்காது. பள்ளியில், தேர்வு நேரத்தில் நின்றால், ஒரு மாணவனின் ஓராண்டு உழைப்பு ஐயத்துக்குள்ளாகும்.

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று எல்லாப் பணிகளையும் ஒழுங்குசெய்வது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் வகைகள், மேக் ஓ.எஸ். ஆகியன மேசைக் கணிப்பொறிக்குரிய இயங்குதளங்கள். ஓர் அலுவலகம் இவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது என்ற கேள்வி எழும்போது இரண்டு குணங்கள் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒன்று, கையாளும் எளிமை. மற்றொன்று, நம்பகத்தன்மை. இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகள் என்றும், ஒன்று உயர்ந்தால் மற்றது தாழும் என்றும் கருதுவது வழக்கமாகிவிட்டது. இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்வது பயனுள்ளதாகும்.

எளிமை யாருக்கு?

இரயில்வேயின் முன்பதிவு முறை இவ்விஷயத்தில் நல்ல பாடம் தருகிறது. கணிப்பொறி வழி முன்பதிவு 1985-86இல் புதுதில்லியில் தொடங்கியது. 1999 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டன. இரயில்வே தகவல் அமைப்பு மையமான 'கிரிஸ்' உருவாக்கிய 'கன்சர்ட்' என்னும் மென்பொருள் இதற்கு அடிப்படையாயிற்று. மையக் கணிப்பொறிகளில் ஓப்பன் வி.எம்.எஸ். என்ற இயங்குதளம் பயன்பட்டது. பொதுமக்களில் பலர் கேள்விப்பட்டிராத பெயர் அது. நீண்ட காலம் நிற்காமல் ஓடுவதற்குப் பெயர் பெற்றது. சாளரத்தில் அமர்ந்த எழுத்தருக்கு அளிக்கப்பட்ட முனையத்தில் கவர்ச்சியான படங்களோ சுட்டியோ இல்லை. எழுத்துகளும் குறியீடுகளுமே இருந்தன. திருவனந்தபுரத்துக்கு 'டி.வி.சி.' என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் போதும்.

புதிதாக வந்த ஒருவருக்கு அத்திரை எளிதன்று. ஆனால் சில மாதப் பயிற்சிக்குப் பின் எழுத்தரின் விரல்கள் விசைப்பலகையைப் பாராமலேயே இயங்கும். ஆகவே எளிமை என்பது எவருக்கும் பொதுவான ஒரே அளவு அன்று. முதல் நாளில் எளிதாகத் தோன்றுவது வேறு. ஓராண்டுக்குப் பின் விரைவாகச் செய்ய முடிவது வேறு. ஒரே பணியை நாள்தோறும் நூறு முறை செய்பவருக்கும், மாதத்துக்கொரு முறை ஒரு கடிதம் தட்டச்சுச் செய்பவருக்கும் தேவைப்படும் எளிமை ஒன்றன்று.

நட்டக் கணக்கு

பொருளியல் நோக்கில் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் 40 பேர் கணிப்பொறியில் பணியாற்றுகின்றனர் எனக் கொள்ளலாம். பழக்கமில்லாத இயங்குதளத்தால் ஒவ்வொருவரும் நாள்தோறும் 15 நிமிடம் இழந்தால், அலுவலகம் நாளொன்றுக்கு 10 மணி நேர உழைப்பை இழக்கிறது. ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் எனில் இழப்பு 2,500 மணி. மறுபுறம், எளிமையானதெனக் கருதப்படும் இயங்குதளம் ஆண்டில் இரண்டு நாட்கள் முற்றிலும் முடங்கினால், நாளொன்றுக்கு ஏழரை மணி வீதம் 600 மணி இழப்பாகும். இக்கணக்கின்படி எளிமையே முதன்மையானது என்ற முடிவுக்கு வரத் தோன்றும். கொள்முதல் குழுக்கள் பலவும் இதே முடிவுக்குத்தான் வருகின்றன.

ஆனால் கணக்கில் இரண்டு அம்சங்கள் விடுபட்டுள்ளன. முதலாவது காலம். பழக்கமின்மையால் வரும் இழப்பு நாளடைவில் குறையும். ஆறு மாதத்தில் 15 நிமிடம் 3 நிமிடமாகலாம். நம்பகக் குறைவால் வரும் இழப்பு இதற்கு நேர்மாறானது. பராமரிப்பு இல்லாத கணிப்பொறி ஆண்டுதோறும் மோசமாகுமேயன்றித் தானாகச் சீராகாது. எனவே கொள்முதல் நாளன்று இரண்டையும் அருகருகே வைத்து அளப்பது, வற்றிவரும் குளத்தையும் பெருகிவரும் ஆற்றையும் ஒரு நாளில் அளந்து ஒப்பிடுவது போன்றதே.

இரண்டாவது, நட்டத்தைச் சுமப்பவர் யார் என்பது. எளிமைக் குறைவு பணியாளரை வருத்துகிறது. அவர் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறார். குறையைச் சொல்ல அவருக்கு வழி உண்டு. நம்பகக் குறைவோ பெரும்பாலும் வெளியில் உள்ளவரை வருத்துகிறது. வரிசையில் நிற்கும் முதியவர், சான்றிதழுக்காக வந்து திரும்பும் பெண், தேர்வு எழுதும் மாணவன் ஆகியோர் கொள்முதல் குழுவில் உறுப்பினர் அல்லர். அவர்கள் இழக்கும் மணிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பொது நிறுவனங்கள் இயங்குதளத்தைத் தெரியும்போது இவ்விழப்பையும் கணக்கில் சேர்ப்பது கடமையாகும்.

கேரளப் பள்ளிகளின் அனுபவம்

இவ்விரு குணங்களையும் பெரும் அளவில் ஒருங்கே நாடிய முயற்சியை இந்தியாவில் தேடினால், கேரளப் பள்ளிகளே முதலில் கருதத்தக்கவை. 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடக்கம் பெற்றது. 2005இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாயிற்று. தொடக்கத்தில் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் விண்டோஸை ஒட்டியே இருந்தன. ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் அரசுப் பள்ளி கற்பிக்கலாமா என்ற கேள்வியை ஆசிரியர் அமைப்புகளே எழுப்பின. அதன் பின் லினக்ஸ் முதலில் மாற்றுவழியாகவும், பிறகு முழுமையாகவும் பள்ளிகளுக்குள் வந்தது. தொடக்கத்தில் டெபியனையும், பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பு உருவாக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவளித்தது.

இம்மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, மிச்சமான பணமே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. 2017 ஆகஸ்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. இரண்டு இலட்சம் கணிப்பொறிகளுக்கு, உரிமக் கட்டணம் செலுத்த வேண்டிய மென்பொருள்களை வாங்குவதானால் கணிப்பொறி ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வீதம் ரூ. 3,000 கோடி செலவாகியிருக்கும் என 2019இல் இந்நிறுவனம் மதிப்பிட்டது. இது இயங்குதளத்துக்கு மட்டுமின்றி, பாடங்களுக்குத் தேவையான எல்லா மென்பொருள்களுக்கும் சேர்த்துப் போடப்பட்ட கணக்கு. விலை கொடுத்து அவ்வளவு மென்பொருளை எந்த அரசும் வாங்கியிருக்காது என்பதால், இத்தொகையை உண்மையில் கையில் நின்ற பணமாகக் கொள்ள இயலாது. எனினும் பள்ளிகளுக்குக் கிடைத்த வசதியின் பரப்பை அது காட்டுகிறது.

சேமிப்பைவிட முக்கியமானது, எளிமை உண்டாக்கப்பட்ட விதம். லினக்ஸ் கடினமானது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. ஓரளவு உண்மையும் அதில் இருந்தது. அந்தக் கடினம் நீங்க மூன்று ஏற்பாடுகள் உதவின. பாடநூலும் இயங்குதளமும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டன; நூலில் காணும் திரையையே மாணவன் மேசையிலும் காண்கிறான். வரைபடத்துக்கு இங்க்ஸ்கேப், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, புவியியலுக்குக் கியூஜிஸ், அலுவலகப் பணிக்கு லிப்ரே ஆபீஸ் எனப் பாடத்துக்குரிய கருவிகள் அனைத்தும் இயங்குதளத்தோடு சேர்ந்தே நிறுவப்பட்டு வந்தன. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தெரிந்தெடுக்கப்பட்டு, அவர்கள் மற்ற ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர்; பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் இதற்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். மேலும் பயன்பாடு தாய்மொழியில் அமைந்தது. மலையாள எழுத்துருக்களும் தட்டச்சும் செம்மையுறத் தன்னார்வலர்கள் 2002 முதல் உழைத்து வந்தனர். கேரளத்தின் தமிழ்வழி, கன்னடவழிப் பள்ளிகளுக்கும் அந்தந்த மொழியில் பாடநூல்கள் வெளியிடப்படுகின்றன. தொடக்க வகுப்புகளின் நூலுக்குக் 'களிப்பெட்டி' என்று பெயர் சூட்டியதும் இந்நோக்கத்தைக் காட்டும்.

எளிமை இயங்குதளத்தோடு பெட்டியில் வந்து இறங்கவில்லை. அது இங்கேயே, ஆசிரியர்களின் உழைப்பால் உண்டாக்கப்பட்டது.

நம்பகத்தன்மையும் அவ்வாறே உண்டாக்கப்பட்டது. பள்ளிக்கொரு பதிப்பு என்ற நிலைக்கு இடங்கொடாமல், சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரே பதிப்பு மாநிலமெங்கும் அனுப்பப்பட்டது. உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் வரை திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. கைட் நிறுவனம் அவற்றையே அடிப்படையாகக் கொண்டது. 18.04 பதிப்பும், 2024இல் 22.04 பதிப்பும் அவ்வாறு வந்தவை. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வு இதே கணிப்பொறிகளில், பள்ளியின் ஆய்வகத்திலேயே நடக்கிறது. தேர்வு மென்பொருள் ஒரு பள்ளியில் இயங்கி மற்றொரு பள்ளியில் இயங்காதிருந்தால் மாணவருக்கு நீதி கிடைக்காது. 'ஒரே பதிப்பு' என்ற கட்டுப்பாடு சில வசதிகளைக் குறைத்தாலும், அந்த நீதிக்கு அது தேவையாயிற்று. 2018இல் தொடங்கப்பட்ட 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் மூலம், கணிப்பொறியைப் பராமரிக்கும் அறிவு மாணவரிடமும் சென்று சேர்ந்தது. பழுது நீக்க வெளியூரிலிருந்து ஒருவர் வரும் வரை ஆய்வகத்தைப் பூட்டி வைக்கும் நிலை இதனால் குறைகிறது.

நம்பகம் குலைவது எப்படி?

நம்பகத்தன்மை ஓர் இயங்குதளத்தின் பிறவிக் குணம் என்று எண்ணுவது ஆபத்தானது. 2017 மே மாதத்தில் 'வான்னக்ரை' என்ற தீம்பொருள் உலகெங்கும் விண்டோஸ் கணிப்பொறிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் ஊராட்சி அலுவலகங்களிலும், பாலக்காடு இரயில்வே கோட்ட அலுவலகத்திலும் சில கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சிலேயே, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாக, வெளியிட்டிருந்தது. உலகில் பல இடங்களில் அத்திருத்தம் கணிப்பொறிகளில் சேர்க்கப்படாததே தீம்பொருள் பரவ வழிவிட்டது. குறை இயங்குதளத்தில் இருந்தது உண்மை. அது நட்டமாக மாறியது பராமரிப்பின்மையால்.

2024 ஜூலை 19 அன்று நேர்ந்தது இதற்கு மறுபக்கம். 'கிரவுட்ஸ்டிரைக்' என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் உலகில் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களிலும் பயணச் சேவைகள் தடைப்பட்டு, சில இடங்களில் நுழைவுச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. முன்னதில் புதுப்பிக்காததால் தொல்லை. பின்னதில் சோதிக்காத புதுப்பிப்பு ஒரே நேரத்தில் எங்கும் சென்றதால் தொல்லை. சில கணிப்பொறிகளில் முதலில் நிறுவிப் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு அனுப்புவது என்ற பழைய எச்சரிக்கை எந்த இயங்குதளத்துக்கும் பொருந்தும்.

மழைக்காலத்தில் நீர் தேங்கும் தம்பானூர்வாசிகளுக்குப் பராமரிப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. வடிகால் ஒரு முறை கட்டிமுடித்தால் தீர்ந்துபோகும் வேலையன்று என்பது இங்குள்ளோர் அனுபவித்து அறிந்தது.

இரு மாற்று அனுபவங்கள்

லினக்ஸுக்கு மாறிய எல்லோரும் வெற்றி கண்டனர் என்று கூற இயலாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் இம்முடிவை எடுத்து, 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றியது. ஆனால் 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப நகரமன்றம் தீர்மானித்தது. வெளி அலுவலகங்களோடு ஆவணப் பரிமாற்றம் செய்வதில் இருந்த இடர்ப்பாடும், பணியாளரின் மனக்குறையும், தொழில்நுட்பப் பொறுப்பு பல துறைகளிடையே சிதறிக் கிடந்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. அதே நாட்டின் சிலெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் சுமார் 30,000 கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதென முடிவெடுத்தது. ஆகவே பொருள் ஒன்றாயினும், நிர்வாகத்தின் உறுதிக்கேற்பப் பயன் வேறுபடுகிறது.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒரே கணிப்பொறியில் நிறுவித் தரப்பட்டன. இரண்டையும் தருவது தெரிவுரிமையை மாணவருக்கே விடுகிறது என்பது ஒரு நன்மை. ஆயினும், பாடநூலும் பயிற்சியும் ஒன்றனைச் சார்ந்து இருக்கையில் மற்றது திறக்கப்படாமலேயே கிடக்க வாய்ப்புண்டு. 2018 முதல் வந்த மேல்நிலைப் பாடநூல்களில் உபுண்டு, ஓப்பன் ஆபீஸ், பைத்தான் ஆகியவை இடம்பெற்றது இக்குறையை ஓரளவு நிரப்பியது.

தெரிவுக்கு முன் செய்ய வேண்டியவை

நடுவண் அரசு 2015இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை, இருவகை மென்பொருள்களையும் திறன், பாதுகாப்பு, விரிவாக்க வாய்ப்பு, நாட்டின் கட்டுப்பாடு, வாழ்நாள் செலவு, ஆதரவுத் தேவை ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிடுமாறு பணிக்கிறது. இதில் 'வாழ்நாள் செலவு' என்ற சொல்லே கருத்தூன்றத் தக்கது. வாங்கும் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. பயிற்சிக்குச் செல்லும் நாட்கள், பராமரிப்பவரின் ஊதியம், முடக்கத்தால் பொதுமக்கள் இழக்கும் நேரம், ஆதரவுக் காலம் முடிந்தபின் நேரும் செலவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்புக்குரிய வன்பொருள் தகுதி இல்லாத பழைய கணிப்பொறிகளை என்ன செய்வது என்ற கேள்வி பல அலுவலகங்களில் எழுந்தது இவ்வாறுதான்.

அலுவலகங்கள் மேற்கொள்ளத்தக்க நடைமுறை கடினமானதன்று. பணியாளர் கூறும் இடர்ப்பாடுகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பழக்கத்தால் தீர்பவை, பழக்கத்தால் தீராதவை. பொத்தான் வேறிடத்தில் இருப்பது முதல் வகை. கருவூலத்துக்கு அனுப்பும் பட்டியலில் மின்கையொப்பம் ஏற்கப்படாமை, படிமமாக்கும் கருவி இயங்காமை, தாய்மொழி எழுத்துகள் சிதைந்து தோன்றுதல் ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகைக்குப் பயிற்சி மருந்து. இரண்டாம் வகை ஒன்றேனும் இருந்தால், அது தீரும் வரை மாற்றத்தைத் தள்ளிவைப்பதே முறை. இதை அறிய, இரண்டு அல்லது மூன்று மேசைகளில் ஒரு மாத காலம், உண்மையான பணியையே செய்து பார்க்க வேண்டும். ஆண்டிறுதிக் கணக்கு, தேர்வு, தேர்தல் போன்ற நெருக்கடிக் காலத்தில் மாற்றத்தைத் தொடங்கலாகாது.

அடுத்து, பராமரிப்புக்கு ஒரு பெயர் வேண்டும். திருத்தங்களை யார் சேர்ப்பார், நகல்களை யார் எடுத்து வைப்பார், கணிப்பொறி நின்றால் எத்தனை மணி நேரத்தில் யார் வருவார் என்பவை கொள்முதல் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். பொறுப்பாளர் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த இயங்குதளமும் விலையில்லா இயங்குதளமும் ஒன்றுபோலவே கெடும். ஓர் அலுவலகத்தில் விண்டோஸை நன்கு பராமரிக்கத் தெரிந்த ஊழியர்கள் இருந்து, லினக்ஸ் அறிந்தவர் ஒருவரும் இல்லையெனில், ஆள் தயாராகும் வரை பழையதையே முறையாகப் பேணுவதும் நியாயமான தெரிவே. ஆனால் ஆளைத் தயார் செய்யும் திட்டம் இல்லாமல் அவ்வாறு காத்திருப்பது தெரிவாகாது.

கேரளப் பள்ளிகளில் வெற்றிபெற்றது எந்த ஒரு பெயருமன்று. எளிமையைப் பயிற்சியாலும் தாய்மொழியாலும் ஆக்கிக்கொள்ளலாம், நம்பகத்தைப் பொறுப்பாலும் சோதனையாலும் காத்துக்கொள்ளலாம் என்ற நடைமுறையே அங்கு வென்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பணியாளருக்கு விளங்கும் கணிப்பொறியே ஒழுங்காகப் பேணப்படும். ஒழுங்காகப் பேணப்படும் கணிப்பொறியையே பணியாளர் அச்சமின்றிக் கையாள்வார். வரிசையில் நிற்பவருக்கு இயங்குதளத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. தமது முறை வரும்போது அது இயங்க வேண்டும்.